பகற்கனவுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிமுறை

நேரம் கிடைத்தால் கொஞ்சம் சும்மா இருக்கலாம், எழுதலாம், வரையலாம், எங்காவது போய்வரலாம் என்று நினைத்தால் அந்த நேரம் வராது. கரண்ட் பில் கட்டக் கடைசி நாள் இருப்பதுபோல இதற்கும் நாள், மணி, இடம் மூன்றையும் குறித்துவிட வேண்டும். வாரத்தில் நான்கு நாள் இருபது நிமிடம், மாதத்தில் ஒரு அரை நாள். தொடங்க இவ்வளவு போதும்.

முதல் வாரம் கனவு எதுவும் வேண்டாம், கணக்கு மட்டும் எடுங்கள். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்புறம் வெறுமையாகத்தானே இருக்கும். அன்றைக்குக் கிழித்த தாளில், இரவு படுக்குமுன், இடையில் கிடைத்த பொழுதுகளை எழுதுங்கள்: பஸ்ஸுக்கு நின்றது 15, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் 25, கரண்ட் போனபோது 30. போன் அமைப்பில் அன்றைக்குத் திரை பார்த்த நேரம் எவ்வளவு என்று காட்டும், அதையும் அடியில் குறியுங்கள். ஏழு தாளையும் தரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தப் பொழுது நான்கு தாளிலாவது திரும்ப வருகிறதோ அதுதான் உங்களுடையது. ஒரே ஒரு நாள் வாய்த்த இரண்டு மணி நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், அது அடுத்த வாரம் வராது.

தொழிலுக்குள்ளேயே இடைவெளி உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு, வெட்டி முடித்துச் சிரட்டையில் பால் நிறையும்வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருப்பு உண்டு. விசைப்படகுத் தொழிலில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள்: மாவட்டத்தின் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31. அப்போது வலை பழுது பார்க்கிற வேலை கையை மட்டும்தான் கேட்கும். தோவாளையில் பூக்கட்டுவதும் வீட்டில் தேங்காய் துருவுவதும் அப்படித்தான். பழகிய கைவேலை பகற்கனவுக்கு மிக நல்ல துணை. ஆனால் பக்கத்தில் டிவியோ பாட்டோ ஓடினால் பயனில்லை. காதில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மனம் தன் போக்கில் போகாது.

மனதுக்கு முதலில் தீனி போட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்றி புவான்காரே ஒரு கணக்கோடு பதினைந்து நாள் மேசையில் மல்லுக்கட்டியதையும், பிறகு ஒரு நிலவியல் பயணத்தில் கூத்தான்ஸ் என்ற ஊரில் வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் அதற்கான முக்கிய யோசனை வந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். படியில் வைத்த காலை எல்லோரும் சொல்வார்கள், அதற்கு முந்தைய பதினைந்து நாளை மறந்துவிடுவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். 'கதை எழுத வேண்டும்' என்பது கேள்வி ஆகாது. 'பாட்டி ஏன் அந்த வீட்டை விற்கச் சம்மதித்தாள்?', 'கடையின் முன்பக்கம் வெயில் விழாமல் என்ன செய்யலாம்?' இவை கேள்விகள். கால் மணி நேரம் அதைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் தாளில் கொட்டிவிட்டு மூடிவையுங்கள். இருபது நிமிடத்தில் உட்காரும்போது அந்தக் கேள்வியைத் துரத்த வேண்டாம். ஒருமுறை மனதில் வாசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

இனி அந்த இருபது நிமிடம். போனை வேறு அறையில் வையுங்கள். சட்டைப்பையில் கவிழ்த்து வைத்தால் போதாது, கை அதைத் தேடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுவும் குறிப்பாக: "ஆறரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. அடுப்பு அணைச்சாச்சு, மோட்டாரும் ஆஃப் பண்ணியாச்சு." பாதி அழைப்புகள் அடுப்புக்கும் மோட்டாருக்கும்தான் வரும். வீட்டுவேலை முழுவதும் ஒருவர் தலையில் இருக்கும் வீட்டில் இந்த நேரம் தானாக அமையாது. அந்த இருபது நிமிடம் பிள்ளையை யார் பார்ப்பது என்று பெயர் சொல்லி முடிவு செய்தாக வேண்டும். இதில் கூச்சம் வேண்டாம்.

உட்காரும் இடத்தில் தூரத்தில் பார்க்க ஏதாவது இருக்கட்டும்: மொட்டை மாடி, குளத்தங்கரைப் படி, வயல் வரப்பு. முதல் ஐந்தாறு நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும், எழுந்துவிடத் தோன்றும். எழாதீர்கள். பிறகு மனம் தானே இறங்கி ஓடும். கவலை புகுந்தால் அடையாளம் எளிது. கனவு இடம் மாறிக்கொண்டே போகும், கவலை ஒரே வாக்கியத்தைச் செக்குமாடு போலச் சுற்றும். சுற்ற ஆரம்பித்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை ஒரு வேலையாக எழுதுங்கள்: 'வியாழன், வங்கியில் கேட்க வேண்டும்.' எழுதியதும் பெரும்பாலும் அடங்கும். மூன்று நாள் தொடர்ந்து கவலையே வந்தால் உட்காருவதை நிறுத்தி நடந்துகொண்டே செய்து பாருங்கள். தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள், உடம்புக்கு அதுதான் முதலில் தேவைப்பட்டிருக்கிறது.

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, ஒரு பென்சில், ஒரு கிளிப். பேனாவைவிடப் பென்சில் நல்லது. நம் ஊர் மழையிலும் கடற்கரை ஈரத்திலும் மை கலைந்துவிடும். கிளிப் இல்லாவிட்டால் முட்டத்திலும் ஆரல்வாய்மொழியிலும் அடிக்கிற காற்றில் ஒரு வரிகூட எழுத முடியாது. முடிந்ததும் மூன்று வரி போதும்: இடமும் நாளும், கண்ணில் பட்ட ஒரு பொருள், மனதில் வந்த ஒரு 'இப்படி இருந்தால்?'. 'மாலை அழகாக இருந்தது' என்று எழுதினால் மறுநாள் உங்களுக்கே ஒன்றும் புரியாது. 'தண்ணீர் வற்றிய குளம், நடுவில் ஒற்றைச் செருப்பு, வார் அறுந்தது' என்று எழுதினால் ஒரு வருடம் கழித்தும் அது வேலை செய்யும்.

வீட்டில் இடமே இல்லாதவர்களுக்குப் பஸ் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு இருபது கிலோமீட்டர் அளவு, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். காலையில் போகும்போது வெயில் இடப்பக்கம் விழும், மாலையில் திரும்பும்போதும் இடப்பக்கம்தான். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், சும்மா போய்த் திரும்பவும் செலவில்லை.

மாதத்து அரை நாளுக்கு ஒரே விதி: ஓர் இடம் மட்டும். உதயம், விவேகானந்தர் பாறை, சுசீந்திரம், அரண்மனை, திற்பரப்பு என்று ஒரே நாளில் ஓடுவது வெளியூர்க்காரர்களின் நிர்ப்பந்தம். நமக்கு மலையும் கடலும் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். விடிந்ததும் கிளம்பிப் பன்னிரண்டு மணிக்குள் வீடு திரும்புங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஆறு மட்டிப்பழம் (2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் சொந்தப் பழம், தோல் மெல்லியது, நசுங்காமல் டப்பாவில் வையுங்கள்).

மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்வோம். பரளியாற்றின் மேல் 28 தூண்களில், 115 அடி உயரத்தில், ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம். பெரும்பாலோர் மேலே நடந்து, படம் எடுத்து, திரும்பிவிடுவார்கள். நீங்கள் படியிறங்கி ஆற்றங்கரைக்குப் போங்கள். ஒரு தூணின் அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். முதல் அரை மணி நேரம் எழுதக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. அடுத்த அரை மணி நேரம் ஒரே ஒரு தூணை வரையுங்கள், ஓவியம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கோடு போடப் போட, கான்கிரீட்டில் ஈரம் இறங்கிய தடமும் வெடிப்பில் முளைத்த செடியும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். கேமரா அதை உங்களுக்குப் பதிலாகப் பார்த்துவிடும், அதனால்தான் வேண்டாம் என்கிறோம். பிறகு ஒரு கேள்வி: இந்தத் தண்ணீர் வராமல் போனால் கீழே எந்த வயல் முதலில் மாறும்?

சிதறால் மலைக்கோயிலும் இதே முறைக்கு ஏற்றது. கல் பாவிய பாதையில் நிதானமாக ஏறினால் இருபது நிமிடம். பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களுக்கு முன்னால் ஒருவரைத் தேர்ந்து அவரோடு மட்டும் இருங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை போய் ஏமாறாதீர்கள், அன்று விடுமுறை. தேரூர்க் குளத்துக்கு டிசம்பர் முதல் பிப்ரவரிவரை போனால் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் பார்க்கலாம். ஜூன், ஜூலையில் மேற்குக் கடற்கரையையும் குளியலை நினைத்துத் திற்பரப்பையும் தவிர்ப்பது நல்லது, வெள்ளம் கூடினால் அருவியில் இறங்க விடமாட்டார்கள்.

கடற்கரையில் கனவு காண்பவர்கள் கட்டாயம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கள்ளக்கடல் என்பது தெற்கே வெகுதொலைவில் எழும் அலை. இங்கே காற்று அடங்கியிருக்கும்போதே கரையேறிவிடும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) முன்னெச்சரிக்கை விடுகிறது, கிளம்புமுன் அதைப் பாருங்கள். ஈர மணலில் உட்காராதீர்கள், பாறைமேல் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். கண்ணை மூட வேண்டுமென்றால் காய்ந்த மணலைத் தாண்டித் தென்னைமர நிழலுக்கு வந்துவிடுங்கள்.

இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட நிமிடங்களைச் சேர்த்து ஒரே நாளில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அப்படித்தான் பலர் மொத்தமாகவே நிறுத்திவிடுகிறார்கள். பழைய நாளில், பழைய இடத்தில், அதே இருபது நிமிடம் போதும். மூன்று மாதம் ஆனதும் நோட்டை முதலிலிருந்து வாசித்து, திரும்பத் திரும்ப வந்த பொருளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அந்த ஒன்றை வைத்து ஒரு பக்கக் கதையோ, ஒரு படமோ, கடைக்கு ஒரு புதுப் பந்தலோ செய்யுங்கள். யாரிடம் காட்டப்போகிறீர்கள், எந்தத் தேதியில் என்பதையும் அதே பக்கத்தின் மேல் எழுதிவையுங்கள்.