ஊர்ப் பொதுச்சொத்துக்குப் பராமரிப்பு நிதி ஒதுக்க வைப்பது எப்படி?

மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 420 கிராம ஊராட்சிகள். பல ஊர்களில் பூட்டிக் கிடக்கும் சுகாதார வளாகத்தையோ, பெஞ்சு உடைந்த பூங்காவையோ, படிக்கட்டு சரிந்த ஊருணியையோ பார்க்கலாம். கட்டுவதற்குத் திட்டம் இருக்கிறது, அறிவிப்பு இருக்கிறது. பராமரிப்புக்கு மட்டும் யாராவது எழுதிக் கேட்டால்தான் பணம் ஒதுங்கும். எப்படிக் கேட்பது என்று இதுவரை ஊராட்சி அலுவலகப் படியே ஏறாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

முதல் வேலை: இடம் யாருடையது?

மந்தை, களம், மயானம், ஊருணி எல்லாமே ஊராட்சியுடையதுதான் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம், ஆவணத்தில் வேறு மாதிரி இருக்கலாம். சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் இணைய சேவையில் அ-பதிவேட்டைப் பாருங்கள், அது பட்டா நிலமா, என்ன வகைப் புறம்போக்கு என்று தெரிந்துவிடும். கண்மாய்க்குத் தனிக் கணக்கு உண்டு. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ளது நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும், ஊருணி, குட்டை போன்றவை கிராம ஊராட்சியிடமும் இருக்கும். நீர்வளத் துறைக் கண்மாயின் மடையைச் சரிசெய்யச் சொல்லி ஊராட்சி செயலரிடம் சண்டை போட்டு ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம்.

இடம் ஊராட்சியுடையதுதான் என்றால், அடுத்து சொத்துப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் கட்டடம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முதலில் அதை ஏற்றச் சொல்லி மனு கொடுங்கள், ஏனென்றால் பதிவேட்டில் இல்லாத சொத்துக்குச் செலவு எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும் என்று அலுவலகத்தில் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட. காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பழுதை அளந்து எழுதுங்கள்

இதில்தான் பெரும்பாலான மனுக்கள் தோற்கின்றன. ‘கழிப்பறையைச் சீரமைத்துத் தர வேண்டும்’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் எஸ்டிமேட் போட முடியாது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். மோட்டார் ஓடுகிறதா, ஓடவில்லையென்றால் காயில் கருகியதா, ஸ்டார்ட்டர் பெட்டிதான் போச்சா என்று தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், விரிசல் எந்தப் பக்கம், எத்தனை கதவு, எதற்குத் தாழ்ப்பாள் இல்லை, பெண்கள் பகுதியில் பல்ப் எரிகிறதா, செப்டிக் டேங்க் மூடி உட்கார்ந்திருக்கிறதா. தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவுக்காகவே பெண்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் சின்னது என்று எதையும் விட்டுவிடாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தலைப்பில் பணம்?

ஊராட்சிக்கு வரும் பணம் எல்லாம் ஒரே பானையில் கிடப்பதில்லை. வீட்டு வரி போன்ற சொந்த வருவாய், மாநில நிதிக்குழு மானியம், ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் என்று தனித்தனி. 15-ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரைக்கும் வகுத்த விதிப்படி, மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கு மட்டுமே. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. 2026-27 முதல் 16-ஆவது நிதிக்குழுவின் காலம், அதனால் நடப்பு ஆண்டின் வழிகாட்டுதலைச் செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் சுகாதார வளாகத்தின் மோட்டாரும் செப்டிக் டேங்கும் 60-க்குள் வரும். விளையாட்டுத் திடலின் வேலி 40-இல்தான் வர முடியும். கூட்டிப் பெருக்குகிறவருக்கான கூலி அந்த 40-இல் வராது, ஊராட்சியின் பொது நிதியைப் பார்க்க வேண்டும். எந்தத் தலைப்பு என்று நீங்களே மனுவில் குறிப்பிட்டால் ‘நிதி இல்லை’ என்று பொத்தாம்பொதுவாகத் திருப்பி அனுப்புவது கடினம்.

ஒதுக்கும் வரிசையில் என் கருத்து இதுதான்: கரண்ட் பில், பிளீச்சிங் பவுடர், பல்ப், கூலி போன்ற மாதச் செலவுக்கு முதலில் எடுத்து வையுங்கள். அடுத்து சின்னப் பழுது. பெயின்ட் அடிப்பதும் வளைவு வைப்பதும் கடைசியில். பல இடங்களில் இது தலைகீழாக நடப்பதால்தான் புது பெயின்ட் அடித்த கட்டடத்தில் தண்ணீர் வருவதில்லை.

கிராம சபை

கிராம சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளில் அக்டோபர் 2 மிக முக்கியம், அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அப்போதுதான் சூடு பிடிக்கும். அந்தத் திட்டத்தில் உங்கள் வேலை ஏறவில்லையென்றால் ஏப்ரலுக்குப் பிறகு அலைந்து பிரயோசனமில்லை. கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், அந்த வசதியைப் பயன்படுத்துகிற பெண்களையும் பிள்ளைகளின் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வைக்கப்படும் வரவு செலவு அறிக்கையை, அதாவது படிவம் 30-ஐ, நிதானமாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

தீர்மானத்தின் வாசகம் இப்படி இருக்கட்டும்: “மேலத்தெரு சுகாதார வளாகத்தில் பழுதான மோட்டாரையும் பெண்கள் பகுதியில் உடைந்த இரண்டு கதவுகளையும் மாற்றவும், செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யவும் மதிப்பீடு தயாரித்து, வரும் நிதியாண்டுத் திட்டத்தில் சேர்த்து நிதி ஒதுக்க இச்சபை தீர்மானிக்கிறது.” கிராம சபையின் தீர்மான நோட்டில் இதை எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெறும் தாளில் கையெழுத்து வாங்க வந்தால் மறுத்துவிடுங்கள்.

தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு மேலூர் பக்கம் நடந்ததைச் சொல்லுங்கள். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துக் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், மக்கள் விடாமல் போராடினார்கள், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அப்புறம்

தீர்மான நகலோடு ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் பி.டி.ஓ.விடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒன்றியத்தின் ஓவர்சீயர், அதாவது பணி மேற்பார்வையாளர், வந்து அளப்பார், எஸ்டிமேட் போடுவார்கள், நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வர வேண்டும். அளக்க வரும் நாளில் உங்கள் நோட்டோடு அங்கே நில்லுங்கள், விட்டுப்போனதைக் காட்டலாம். ஊராட்சித் திட்டங்களை வெளியிடும் ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டத்தைத் திறந்து வேலை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலை முடிந்ததும் எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில், எழுதிய அளவும் தரையில் இருக்கிற வேலையும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். கடைசி பில் பாஸ் ஆவதற்கு முன்னால் சொன்னால்தான் குறையைச் சரிசெய்ய வைக்க முடியும், பணம் போய்விட்டால் அதே கதவுக்கு அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.