நெல்லையில் வெப் டிசைனும் நெட்வொர்க்கிங்கும்: கல்லூரிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வாங்க வரும் பெற்றோர், "கம்ப்யூட்டர் கோர்ஸ் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ., பி.எஸ்சி. தகவல் தொழில்நுட்பம் என்று பதில் வருகிறது. இணையத்தளம் வடிவமைக்கக் கற்றுத்தருவார்களா, நெட்வொர்க் அமைக்கக் கற்றுத்தருவார்களா என்பதை இந்தப் பெயர்களிலிருந்து அறிய முடியாது. அதை அறியப் பாடத்திட்டத்தைப் படிக்க வேண்டும். ஆய்வகத்தை நேரில் பார்க்க வேண்டும்.

முதலில், இவை இரண்டும் வேறு வேறு தொழில்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். இணையப் பக்கங்களை எழுதும் மொழிகளான எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் வெப் டிசைனின் அடிப்படை. இவற்றைப் பழக ஒரு சாதாரண மடிக்கணினி போதும். பாடங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே இதற்குக் கல்லூரி தர வேண்டியது, மாணவர் எழுதியதைப் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்கும் ஓர் ஆசிரியரை. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க்கிங்கின் தேவை வேறு. நெட்வொர்க்குகளை இணைக்கும் ரௌட்டர், கணினிகளை இணைக்கும் சுவிட்ச், இவற்றைப் பொருத்தும் ரேக், கேபிள், கேபிள் முனையில் இணைப்பியை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி ஆகியவற்றை ஒரு குடும்பம் வாங்கி வைக்க இயலாது. அவற்றைக் கல்லூரிதான் தர வேண்டும். எந்தத் துறையில் நாட்டம் என்பதைப் பொறுத்து, கல்லூரியில் எதைத் தேட வேண்டும் என்பதும் மாறுகிறது.

படிப்பின் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் 'கோபா' என்ற ஓராண்டுக் கணினி இயக்குநர், நிரலாக்க உதவியாளர் பிரிவில் சேரலாம். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படித்து, பின்னர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூவுக்குப் பின் பி.எஸ்சி., பி.சி.ஏ. போன்ற மூன்றாண்டுப் பட்டப்படிப்புகளும் நான்காண்டு பி.இ.யும் உள்ளன. பி.இ. கலந்தாய்வுக்கான கட்-ஆஃப், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடப்படுகிறது. வணிகவியல் பிரிவில் படித்தவர்களைப் பி.சி.ஏ.யில் சேர்ப்பதற்கான நிபந்தனை கல்லூரிக்குக் கல்லூரி மாறக்கூடும் என்பதால், அதை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாடத்திட்டம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. 1990இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகள் பெரும்பாலும் அதன் வளாகமான அபிஷேகப்பட்டியில் வகுக்கப்படும் பொதுப் பாடத்திட்டத்தையே நடத்துகின்றன. தூய சவேரியார் கல்லூரி, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளோ, பட்டம் அதே பல்கலைக்கழகத்தினுடையதாக இருந்தாலும், தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. எனவே ஒரே தெருவில் உள்ள இரண்டு கல்லூரிகளில் ஒரே பெயருள்ள பட்டத்துக்கு வேறு வேறு பாடங்கள் இருக்கலாம். பாடத்திட்டத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தின் பெயருக்கு எதிரே உள்ள எல், டி, பி, சி என்ற நான்கு எண்களைப் பாருங்கள். விரிவுரை, பயிற்சி வகுப்பு, செய்முறை ஆகியவற்றுக்கான வாராந்தர நேரங்களையும் கிரெடிட் எனப்படும் மதிப்பலகையும் அவை முறையே குறிக்கும். 'கணினி வலையமைப்பு' என்ற பாடத்துக்கு விரிவுரை மட்டும் இருந்து, அதற்கெனத் தனிச் செய்முறைப் பாடமும் வேறு எங்கும் இல்லாவிட்டால், நெட்வொர்க்கில் தகவல் செல்லும் படிகளை விளக்கும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவதோடு அந்தப் பாடம் முடிந்துவிடும் என்றே கொள்ளலாம். அதைப் படித்தவருக்கு ஓர் அலுவலகத்தில் நெட் வரவில்லை என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரியாது.

வெப் டிசைன் பாடத்தில் கவனிக்க வேண்டியது அதன் வயது. பக்கத்தை அட்டவணைகளாகப் பிரித்து அடுக்கும் பழைய முறையிலேயே பாடம் நின்றுவிடுகிறதா, கைப்பேசித் திரைக்கு ஏற்பத் தானே மாறும் அமைப்பு, பக்கத்தை அடுக்கும் புதிய முறைகளான ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட், எழுதிய நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் ஆகியவை வரை வருகிறதா என்று பாருங்கள். தமிழில் தளம் அமைப்பது பற்றி ஒரு வரியாவது இருந்தால் அது நல்ல அறிகுறி. உயிர்மெய் எழுத்துகளில் பெரும்பாலானவை, எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடு முறையில் இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால், 20 எழுத்து எல்லை வைத்த படிவம் ஒன்று பன்னிரண்டு எழுத்துள்ள தமிழ்ப் பெயரையே ஏற்க மறுத்துவிடலாம். இத்தகைய சிக்கலை வகுப்பிலேயே சந்தித்த மாணவர் வேலையில் தடுமாற மாட்டார்.

ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். விண்ணப்பம் கொடுக்கும் நாட்களில் பல கல்லூரிகள் மறுப்பதில்லை. கணினிகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள், அது இரண்டாம்பட்சமே. அமைப்புகளை நாமே மாற்றத்தக்க (மேனேஜ்டு) சுவிட்ச் இருக்கிறதா, அது மாணவர் கைக்கு வருகிறதா, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உபகரணம் குறைவாக இருந்தால் அதுவே பெரிய குறை ஆகாது. நெட்வொர்க் கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம், திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழக இலவசமாகத் தரும் பேக்கெட் டிரேசர் மென்பொருளில் முறையாகப் பயிற்சி தருகிறார்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக்குக் கேபிளைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

துறைத்தலைவரிடம் கேட்பதைவிட மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேட்பது பயன் தரும். "192.168.10.0/24 என்ற நெட்வொர்க்கை நான்கு சமமான பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம்?" என்று கேளுங்கள், 62 என்று சொல்லி, காரணமும் (256 முகவரிகளை நான்காகப் பிரித்தால் 64, அதில் இரண்டைக் கருவிகளுக்குத் தர முடியாது) சொன்னால் அங்கே பாடம் நடக்கிறது. கேபிளின் முனையில் பொருத்தும் ஆர்.ஜே. 45 இணைப்பியில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று கம்பிகளை அடுக்கி முடித்த கை அவருடையதா என்றும், செப்புக் கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுத்தால் என்னவாகும் என்றும் கேட்கலாம். வெப் டிசைன் மாணவராயின், அவர் செய்த தளத்தின் முகவரியைக் கேளுங்கள். இறுதியாண்டுத் திட்டப்பணியைக் கடையில் விலைக்கு வாங்கிச் சமர்ப்பிக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊர் அதற்கு விலக்கல்ல. பத்தமடைப் பாய் நெசவாளருக்கோ காருகுறிச்சி மண்பாண்டக் கூடத்துக்கோ ஒரு தளம் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கும் மாணவரை அந்தக் கல்லூரியில் காண முடிந்தால், அங்கே சேரத் தயங்க வேண்டியதில்லை.

நெல்லை சந்திப்பு ரயில் நிலையத்தைச் சுற்றியும் வண்ணார்பேட்டையிலும் உள்ள தனியார் பயிற்சி நிலையங்கள் சில மாதங்களில் இரண்டையும் கற்றுத்தருவதாக விளம்பரம் செய்வதுண்டு. அவை தரும் சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகாது. நெட்வொர்க்கிங் திறனுக்கான சி.சி.என்.ஏ. சான்றிதழ்த் தேர்வை நடத்துவது சிஸ்கோ. பயிற்சி நிலையக் கட்டணத்தில் தேர்வுக் கட்டணம் அடங்குமா என்பதை எழுத்தில் பெறாமல் பணம் கட்டக் கூடாது. ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் இணையவழி நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் தேவைப்பட்டால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும்.

பட்டம் இல்லாமலும் ஒரு வழி உண்டு. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ மென்பொருள் நிறுவனம், தன் பயிற்சிப் பள்ளியில் பள்ளிப்படிப்பு முடித்தவர்களைத் தேர்வு வைத்துச் சேர்த்து, உதவித்தொகையும் தந்து கற்பிக்கிறது. ஆனால் அங்கே பட்டம் கிடைக்காது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உள்ள வீடுகள் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

செலவைக் கணக்கிடும்போது அரசு தரும் உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்களில் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும், சாதி, வருமானச் சான்றுகளையும் இ-சேவை மையத்தில் ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். முடிவு வந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாசில்தார் அலுவலகத்தில் கோப்புகள் குவிந்து, கலந்தாய்வுப் பதிவு முடியும் நாள்வரை சான்று கைக்கு வராமல் போகலாம்.