ஸ்கேல் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பாட்டிலில் இருப்பது குழாயில் ஓடிய தண்ணீர் அல்ல

தண்ணீர் சாம்பிளின் லேப் ரிப்போர்ட்டிலிருந்து எண்களை மென்பொருளில் அடித்து ஒரு பட்டனைத் தட்டினால் ஸ்கேல், அதாவது குழாய்க்குள் பாறை மாதிரி ஒட்டும் உப்புப் படிவு, படியுமா படியாதா என்று பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராக மீட்டிங்குக்குப் போகிற புது எஞ்சினியர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் இதை எழுதுகிறேன். தசமப் புள்ளி தவறுவது, சோடியத்தைப் பொட்டாசியம் கட்டத்தில் போடுவது எல்லாம் இங்கே வேண்டாம், ஒரு முறை திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

லேபில் அளந்த பி.எச். மதிப்பை அப்படியே போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கால்சியம் கார்பனேட் படிவதில் கார்பன் டை ஆக்சைடுக்குப் பெரிய பங்கு உண்டு. அது கரைந்திருக்கும்வரை பி.எச். இறங்கியே இருக்கும், கால்சியமும் பைகார்பனேட்டும் தண்ணீரிலேயே கிடக்கும். அழுத்தம் விழுந்ததும், உடைத்த கோலி சோடா மாதிரி, வாயு வெளியே போய்விடும். எண்ணெய்க் கிணற்றுக் குழாயில் நடப்பதும் அதுதான், சாம்பிள் பாட்டிலில் நடப்பதும் அதுதான். செப்பரேட்டர் (எண்ணெய், வாயு, தண்ணீரைப் பிரிக்கும் கலம்) பக்கத்தில் 6.2 காட்டிய தண்ணீர் மறுநாள் லேபில் 7.5 காட்டினால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சாச்சுரேஷன் இண்டெக்ஸ், அதாவது எஸ்.ஐ., தண்ணீர் தாங்குவதை விட எத்தனை மடங்கு கரைந்திருக்கிறது (மிகைச்செறிவு) என்பதன் லாகரிதம், பூஜ்யத்துக்கு மேலே போனால் படியலாம். மற்றதெல்லாம் மாறாமல் பி.எச். ஒரு யூனிட் ஏறினால் கால்சைட்டின் (கால்சியம் கார்பனேட் படிகத்தின்) எஸ்.ஐ.யும் கிட்டத்தட்ட ஒரு யூனிட் ஏறும், மிகைச்செறிவு பத்து மடங்காகத் தெரியும்.

இதோடு நின்றால் பரவாயில்லை, தேவைக்கு மேல் இன்ஹிபிட்டர் (ஸ்கேல் படியாமல் தடுக்கும் ரசாயனம்) வாங்கிக் காசைக் கரைப்போம், அவ்வளவுதான். மோசமானது அடுத்த கட்டம். பாட்டில் இன்னும் சில நாள் கிடந்தால் ஸ்கேல் அதற்குள்ளேயே படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரில் கால்சியமும் ஆல்கலினிட்டியும் (அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் போன்றவற்றின் அளவு) குறைந்து, எஸ்.ஐ. பூஜ்யத்தை நோக்கி இறங்கி வரும். அதாவது போதுமான நாள் வெயிலில் கிடந்த சாம்பிள் எந்தக் கிணற்றுடையதாக இருந்தாலும் ‘பிரச்சினை இல்லை’ என்றுதான் சொல்லும்!

வளைகுடாப் பக்கம் ஒரு கிணற்றில் இதைப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் எஸ்.ஐ. 0.1, எனவே இன்ஹிபிட்டர் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். சில மாதங்களில் கிணற்றுக்குள் இருந்த சப்மெர்சிபிள் பம்ப் அடிக்கடி ட்ரிப் ஆக ஆரம்பித்தது. ரிக் வரவழைத்து மேலே இழுத்தால் இம்பெல்லர் (பம்பின் சுழலும் சக்கரம்) முழுக்க வெள்ளைப் பாறை. பம்ப் போனது ஒரு பக்கம், ரிக் வாடகையும் நின்றுபோன உற்பத்தியும் இன்னொரு பக்கம். மிச்ச சாம்பிள் லேப் அலமாரியிலேயே இருந்தது, அடியில் வெள்ளைத் தூளோடு. நாலு சொட்டு அமிலம் விட்டதும் நுரைத்தது. இதில் கடுப்பு என்னவென்றால், ‘சாம்பிள் கலங்கல், வடிகட்டிய பின் அளக்கப்பட்டது’ என்று ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த லேப்காரர் எழுதியே இருந்தார், யாரும் அதுவரை புரட்டவில்லை.

பி.எச்., வெப்பநிலை, ஆல்கலினிட்டி மூன்றையும் குழாய்ப் பக்கத்திலேயே நின்று அளந்துவிடுங்கள். கால்சியம் போன்றவற்றுக்குத் தனி பாட்டில், அங்கேயே வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்.சை 2க்குக் கீழே கொண்டுபோய் மூட வேண்டும். கிணற்றின் ஆழத்துக்குக் கணக்குப் போடும்போது அளந்த பி.எச்.சையும் நம்பாதீர்கள், வாயுவில் கார்பன் டை ஆக்சைடு எத்தனை சதவீதம், அழுத்தம் எவ்வளவு என்று கொடுத்து, பி.எச்.சை மென்பொருளே கணக்கிடட்டும். அப்புறம், எண்ணெய் வயல் தண்ணீரில் அசிடேட் இருந்தால் டைட்ரேஷனில் (அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பதில்) அதுவும் ஆல்கலினிட்டியாகச் சேர்ந்துகொள்ளும். அதைக் கழிக்காமல் எல்லாவற்றையும் பைகார்பனேட் என்று போட்டுவிடாதீர்கள்.

அலகு கேட்காமல் போடுவது

லேப் கொடுத்த எண் கால்சியம் கார்பனேட்டாக 400 என்றால், வெறும் கால்சியமாக அது 160தான். எதில் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

இரண்டு தண்ணீரைப் பாதிக்குப் பாதி மட்டும் கலந்து பார்ப்பது

கடல் நீரில் சல்பேட் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம். வடகடல் வயல்களில் பாறைக்குள் இருக்கும் தண்ணீரில் பேரியம் உண்டு. உள்ளே செலுத்திய கடல் நீர் அதோடு சேர்ந்தால் பேரைட், அதாவது பேரியம் சல்பேட், அமிலத்துக்கும் அசையாத ஸ்கேல். அங்கே மில்லர் வயலில் ஒரு கிணறு நாளொன்றுக்கு 30,000 பேரலிலிருந்து 24 மணி நேரத்தில் பூஜ்யத்துக்குப் போனது இந்த மாதிரி ஸ்கேலால்தான். கடல் நீரின் பங்கு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஐந்து ஐந்து சதவீதமாக ஏற்றிப் பாருங்கள். எஸ்.ஐ. உச்சத்தில் இருக்கும் கலவையில்தான் அதிகம் படியும் என்றும் இல்லை, எவ்வளவு மில்லிகிராம் இறங்கும் என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதற்கெடுத்தாலும் லாங்கிலியர் இண்டெக்ஸ்

1936இல் குடிநீர்க் குழாய்களை மனதில் வைத்து வந்த கணக்கு அது. கால்சியம் கார்பனேட்டைத் தவிர வேறெதையும் சொல்லாது. கடல் நீரை விடப் பல மடங்கு உப்பான தண்ணீருக்கு பிட்சர் முறை உள்ள மென்பொருளை எடுங்கள்.

தொட்டியின் வெப்பநிலையைப் போடுவது

கால்சைட் சூட்டில் கரைவது குறையும். கூலிங் டவர் தொட்டியில் 32 டிகிரி என்பதால் கணக்கும் 32 டிகிரிக்கு அல்ல, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (வெப்பத்தைக் கைமாற்றும் கருவியில்) மிகச் சூடான குழாய்ச் சுவரின் வெப்பநிலைக்குப் போட வேண்டும்.