மே மாதத்தில் வீடு பார்த்தால் மழையும் புகையும் தெரியாது: சென்னைக்குக் குடிவருவோர் செய்யும் தவறுகள்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களில் பெரும்பாலோர் ஏப்ரல், மே மாதங்களில்தான் அலைகிறார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், அதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும். ஆனால் இந்த ஊரை எடைபோட மே மாதத்தைப் போல் ஏமாற்றுகிற மாதம் வேறில்லை. தரை காய்ந்து கிடப்பதால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரியாது. கடற்காற்று நன்றாக வீசுவதால் புகை தேங்காது. செல்போனில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்தால் பச்சையாகவோ இளம்பச்சையாகவோ இருக்கும். கண்ணுக்குத் தெரிவது வெயில் ஒன்றுதான். மழை அக்டோபர் நடுவில் தொடங்கும், புகை டிசம்பர், ஜனவரியில் தேங்கும். அட்வான்ஸ் கொடுத்து, சாமான் இறக்கி ஐந்தாறு மாதம் ஆன பிறகுதான் வீட்டின் குணம் வெளியே வரும்.

சராசரி மழையைப் பார்ப்பது

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில், அதுவும் சில நாட்களிலேயே கொட்டிவிடும். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது மட்டும் 100 செ.மீ.க்கு மேல். அடுத்து டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. 2021 நவம்பரிலும் நுங்கம்பாக்கம் 100 செ.மீ.யைத் தாண்டியது. இடையில் 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஊரே குடத்தோடு தெருவில் நின்றது. இந்த இரண்டையும் கூட்டி வகுத்துச் சொல்லும் சராசரியால் வீடு பார்க்கிறவருக்கு ஒரு பயனும் இல்லை.

கேட்க வேண்டியது இப்படி: 2015இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாளில் வடிந்தது, கரண்ட் எத்தனை நாள் இல்லை? 2019 கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரி தண்ணீர் வாங்கினார்கள்? தண்ணீர்க் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நால்வர் குடும்பத்துக்கு 540 லிட்டர். பத்து வீடு உள்ள கட்டடத்தில் ஆழ்துளைக் கிணறு கைவிட்டால் 12,000 லிட்டர் லாரி இரண்டேகால் நாளுக்குள் தீர்ந்துவிடும். அந்தச் செலவு மெயின்டெனன்ஸில் சேருமா, தனியாகப் பிரிப்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

“மூன்றாம் மாடிதானே, வெள்ளம் என்ன செய்யும்?”

வீட்டுக்குள் தண்ணீர் வராது, உண்மைதான். ஆனால் சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி), மோட்டார், மின்மீட்டர் பெட்டி, லிஃப்ட், வண்டி எல்லாம் கீழேதான் இருக்கின்றன. வெள்ளத்தில் முதலில் கெடுவது சம்ப். அதன் வாய் தரையோடு தரையாக இருந்தால் தெருவில் ஓடும் சாக்கடைத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். பிறகு மேல்நிலைத் தொட்டி, குழாய் என்று எல்லாவற்றையும் கழுவிக் குளோரின் போட்டால்தான் சரியாகும். சம்ப் மூடி தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மீட்டர் பெட்டி இடுப்பு உயரத்துக்குக் கீழே இருந்தால், தண்ணீர் ஏறியதும் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள்; மாடியில் இருப்பவருக்கும் அதே இருட்டுதான். மீட்டர் பெட்டியை அண்மையில் உயர்த்தி வைத்த அடையாளம் தெரிந்தால், அதற்கான காரணம் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தெருவையும் தளத்தையும் ஒப்பிடுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் பல தெருக்கள் வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டன. கேட்டிலிருந்து உள்ளே இறங்கிப் போக வேண்டியிருந்தால், மழைநீரும் அப்படியே இறங்கி வரும். சுற்றுச்சுவரின் உட்பக்கம் ஒரே மட்டத்தில் கோடு போட்டது போல் கறை இருக்கிறதா, அல்லது அந்த உயரம் வரைக்கும் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். லிஃப்ட் குழியில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வைத்திருந்தால், அங்கே தண்ணீர் சேர்கிறது என்று பொருள்.

ஊர்ப்பெயரும் ஒரு தகவல்தான். தாங்கல் என்றால் சிறு ஏரி. ஏரிக்கரைத் தெரு, குளக்கரைத் தெரு என்று பெயர் இருந்தால் பக்கத்தில் நீர்நிலை இருந்திருக்கும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்ப்பதற்கு லேக்தான் இல்லை. அந்த நெட்டேரியை மேடாக்கி 1920களில் தியாகராய நகரை எழுப்பிவிட்டார்கள். பெயரை மட்டும் வைத்து ஒரு பகுதியை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படிப்பட்ட பெயர் உள்ள இடத்தில் மேலே சொன்ன கேள்விகளை இரண்டு தடவை கேளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளிலும், அடையாற்றுப் படுகையில் இருக்கும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளிலும் கட்டாயம் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பது முக்கியம். புரோக்கரிடம் கேட்டால் “இங்கெல்லாம் தண்ணி நிக்காது சார்” என்பார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம், “அண்ணே, மிக்ஜாமப்ப வண்டிய எங்க கொண்டு போய் நிறுத்துனீங்க?” என்று கேளுங்கள். ஒரே பதிலில் எல்லாம் வந்துவிடும்.

காலை பதினோரு மணிக்கு வெயிலை அளப்பது

செய்தியில் வரும் சென்னை வெப்பநிலை நுங்கம்பாக்கத்துடையது அல்லது மீனம்பாக்கத்துடையது. கோடையில் மீனம்பாக்கம் பெரும்பாலும் ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கும். கடற்காற்று எப்போது உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்துதான் அன்றைய நாள் அமையும். நண்பகலையொட்டி வந்துவிட்டால் 36, 37இல் நிற்கும். மேற்குக்காற்று அதைத் தடுத்து இரண்டு மூன்று மணி வரை வெளியே நிறுத்திவைத்தால் 40ஐத் தாண்டும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி வரை போயிருக்கிறது. திருவான்மியூரில் காற்று வந்துவிட்ட நேரத்தில் பூந்தமல்லி, ஆவடி இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்.

கடற்காற்று சூட்டைக் குறைக்கும், ஆனால் ஈரத்தைக் கொண்டுவரும். 33 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால் வேர்வை காயாது. உடம்புக்கு அது 40 டிகிரிக்கு மேல் இருப்பது போலத்தான். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்கள் “எங்க ஊர் வெயிலையே பார்த்தாச்சு” என்று இந்த இடத்தில்தான் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்.

வீட்டைப் பொறுத்தவரை காலையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். மொட்டைமாடிக்கு நேர்கீழே இருக்கும் வீடாக இருந்தால் மின்விசிறியைப் போட்டு அடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் நள்ளிரவு வரை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும், விசிறி அதையே கீழே தள்ளும். மாடியில் வெள்ளை ஓடு பதித்திருந்தாலோ குளிர்ச்சிப் பூச்சு அடித்திருந்தாலோ நல்ல வித்தியாசம் தெரியும். தெற்கிலோ கிழக்கிலோ ஒரு ஜன்னல், எதிர்ச்சுவரில் இன்னொன்று என்று இருந்தால் மாலையில் காற்று ஓடும். ஒரே பக்கம் மூன்று ஜன்னல் இருந்தும் பயனில்லை.

செல்போன் காட்டும் ஒரு எண்ணை நம்பி இடத்தை முடிவு செய்வது

காற்றில்தான் குழப்பம் அதிகம். முதலாவது, அளவுகோல். ஒரு செயலி இந்தியக் குறியீட்டைக் காட்டும், இன்னொன்று அமெரிக்கக் குறியீட்டைக் காட்டும். பிஎம் 2.5 நுண்துகள் ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் கணக்கில் 100, ‘திருப்திகரம்’. அமெரிக்கக் கணக்கில் அதே காற்று 150ஐத் தாண்டி, ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்ற சிவப்புக்குப் போய்விடும். ஒரு நகரத்தை ஒரு செயலியிலும் மற்றொரு நகரத்தை வேறொன்றிலும் பார்த்து ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகும். குறியீட்டை விட்டுவிட்டு பிஎம் 2.5இன் மைக்ரோகிராம் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சராசரிக்கு இந்திய வரம்பு 40, உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. வீட்டில் வீசிங் உள்ள குழந்தையோ முதியவரோ இருந்தால் ‘திருப்திகரம்’ என்ற சொல்லைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

இரண்டாவது, நேரம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குறியீடு பெரும்பாலான மாசுகளுக்கு 24 மணி நேரச் சராசரி. அரை மணி நேரம் வந்துபோகும் வாயு அதில் கரைந்துவிடும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். அப்படிப்பட்ட இரவைச் சராசரி காட்டிக்கொடுக்காது. மணலி, எண்ணூர் பக்கம் வீடு பார்த்தால் வாரியத்தின் தளத்தில் மணிக்கணக்கு அளவுகளைத் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். கந்தக டைஆக்சைடு, அம்மோனியா இரண்டின் அளவும் அந்தத் தளத்தில் உண்டு.

மூன்றாவது, தூரம். சென்னையில் தொடர்ந்து அளக்கும் அரசு நிலையங்கள் மணலி, மணலி கிராமம், ராயபுரம், கொடுங்கையூர், அரும்பாக்கம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அம்பத்தூரிலோ பல்லாவரத்திலோ நின்று செயலியைத் திறந்தால் வரும் எண், பல கிலோமீட்டர் தள்ளி அளந்ததாகவோ கணினி மாதிரியில் மதிப்பிட்டதாகவோ இருக்கலாம். எந்த நிலையம் என்ற பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் காட்டினால், அதை வைத்துத் தெருவை முடிவு செய்ய முடியாது.

பருவம் பற்றி மேலேயே சொன்னோம். குளிர்கால விடியலில் தரையருகே குளிர்ந்த காற்றும் அதன் மேல் சூடான காற்றும் மூடி போட்டதுபோல் நிற்கும். புகை மேலே போக வழியில்லை. போகியன்று பழைய பாயும் டயரும் எரிவது இதில்தான் வந்து சேர்கிறது. 2018 ஜனவரி 13 அன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. எனவே வாரியத்தின் தளத்தில் போன டிசம்பர், ஜனவரி மாதக் கணக்கை இறக்கி, காலை 5 முதல் 8 மணி வரையிலான அளவுகளைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் அளவை எடுக்காதீர்கள்; அன்று எந்த இடமும் ஊட்டிதான். நடைப்பயிற்சிக்காரர்கள் அந்த மாதங்களில் கிளம்பும் நேரத்தை எட்டு மணிக்குத் தள்ளிவைப்பது நல்லது.

பிறகு காற்றின் திசை. பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்கு மேற்கே வேளச்சேரி, பள்ளிக்கரணை, கிழக்கே ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை). மாலைக் கடற்காற்றில் நாற்றம் மேற்கே போகும், தென்மேற்குப் பருவத்தில் இரவிலும் அதிகாலையிலும் கிழக்கே திரும்பும். ஓஎம்ஆரில் மாலை ஐந்து மணிக்கு வீடு பார்த்து “ஒரு வாடையும் இல்லையே” என்றால், பார்த்த நேரம் அப்படி. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தது. கொடுங்கையூர்க் கிடங்கைச் சுற்றியும் இதே கணக்குதான்.

கருவி வாங்கிவிட்டால் போதும் என்பது

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கைக்கருவிகள் ஒளியைப் பாய்ச்சித் துகளை எண்ணுகின்றன. ஈரப்பதம் 80, 85ஐத் தாண்டினால் ஈரம் ஏறி ஊதிய துகளையும் பனித்துளியையும் மாசாக எண்ணிவிடும். சென்னை விடியலில் இது அன்றாடம் நடக்கும். அதனால் தனி எண்ணைப் பார்க்காமல் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மெயின் ரோட்டில் ஒரு அளவு, 200 மீட்டர் உள்ளே வீட்டு வாசலில் ஒரு அளவு, படுக்கையறையில் ஒரு அளவு, எல்லாம் ஒரே அரை மணிக்குள். வாசலைவிட உள்ளே அதிகமாக இருந்தால் சமையலறையில் எக்ஸாஸ்ட் இல்லை, அல்லது கொசுவத்தியும் சாம்பிராணியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தால் அறையை அளந்து வாங்குங்கள். 12க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 41 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை காற்று மாற வேண்டுமானால் 205 கன மீட்டராவது தள்ள வேண்டும். அட்டையில் இருக்கும் ‘400 சதுர அடிக்கு ஏற்றது’ என்பதை விட்டுவிட்டு இந்த எண்ணைத் தேடுங்கள். ஹெப்பா வடிகட்டி துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சாதாரண ஸ்பிளிட் ஏசியின் வலை பிஎம் 2.5ஐயும் பிடிக்காது.

கடலுக்குப் பக்கத்தில் வீடு எடுக்கிறவர்களுக்கு ஒரு வரி: பால்கனிக் கம்பியும் ஏசியின் வெளி யூனிட்டும் எப்படித் துருப்பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் வண்டிக்கும் அதுதான்.

ஒப்பந்தத்தில் விட்டுவிடுவது

ஜூனில் போடும் 11 மாத ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. நடுவில் ஒரு பருவமழை, ஒரு போகி. சில ஒப்பந்தங்களில் 11 மாதமும் லாக்-இன் என்று ஒரு வரி இருக்கும். டிசம்பரில் முழங்கால் தண்ணீர் வந்தாலும் காலி செய்தால் அட்வான்ஸில் பிடித்தம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால், வீட்டுக்குள்ளோ சம்பிலோ வெள்ளம் புகுந்தால் ஒரு மாத நோட்டீஸில் முழு அட்வான்ஸோடு வெளியேறலாம் என்றாவது எழுதி வாங்குங்கள். தண்ணீரே வராத தெரு என்றால் அதை எழுதிக் கொடுக்க உரிமையாளருக்கு ஒரு கஷ்டமும் இருக்காது.