நடுத்திடலில் நின்ற புல்வெட்டு வண்டியை நகர்த்தியது இப்படித்தான்

சிங்கப்பூரில் சுவா சூ காங் பக்கம் ஒரு திடலில் புல் வெட்டும்போது, உட்கார்ந்து ஓட்டும் வண்டி நடுவிலேயே நின்றுவிட்டது, சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம்கூட இல்லை, வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. இடி விழும் ஊரில் திறந்த திடலில் நிற்க முடியுமா? லாரியில் கயிறு கட்டி இழுத்துவிடலாம் அண்ணே என்றார் கூட இருந்த தம்பி. வேண்டவே வேண்டாம் என்றேன்.

எங்களுடையது ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி. உள்ளே எண்ணெய் அழுத்தத்தில்தான் சக்கரம் சுற்றுகிறது, என்ஜின் நின்றால் அதே எண்ணெய் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதை மீறி இழுத்தால் பம்ப்பும் மோட்டாரும் கெட்டுப்போகும், செலவு சின்னது இல்லை.

இதற்கென்றே பின்பக்கம் ஒரு சின்னக் கம்பி இருக்கும், பைபாஸ் லீவர், எண்ணெயை வேறு வழியில் விட்டுச் சக்கரத்தைத் தானாகச் சுழலவிடும். எங்களுடையதை வெளியே இழுத்து மாட்ட வேண்டும், சில வண்டிகளில் உள்ளே தள்ள வேண்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வண்டி என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தனித்தனி. புல் அப்பி இறுகியிருந்தது, எண்ணெய் அடித்து ஆட்டியதும் வந்தது. சாவியை எடுத்து, பிளேடு டெக்கை உயர்த்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, அப்புறம் நடை வேகத்தில் தள்ளினோம். சரிவில் மட்டும் ஜாக்கிரதை, இனி பிடித்து நிறுத்த பிரேக்கைத் தவிர எதுவும் இல்லை.

கூரைக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தால் ஃபியூஸ் எரிந்திருந்தது, உரசித் தேய்ந்த ஒயர்தான் காரணம். அதைச் சுற்றிக் கட்டி, ஃபியூஸை மாற்றினோம். லீவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் என்ஜின் ஓடும், வண்டி நகராது.