“எனக்குத்தான் பச்சை” என்று சொன்னால் போதாது: சிக்னல் விபத்து வழக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்னலில் இரண்டு வண்டிகள் மோதினால் இரண்டு ஓட்டுநர்களும் சொல்வது ஒன்றுதான்: “எனக்குப் பச்சை விழுந்திருந்தது.” மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இந்த இரண்டு வாய்மொழிக்கும் எடை சமம். தராசைச் சாய்ப்பது முதல் சில நாட்களில் எழுதப்படும் காகிதங்களும் எடுத்துவைக்கும் பதிவுகளும்தான். நியாயம் தன் பக்கம் இருப்பவர்களே இங்கே அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் ஆஸ்பத்திரி. கூட வந்தவர் பதற்றத்தில் “பைக்கிலிருந்து விழுந்துட்டார்” என்று சொன்னால் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் அதுவே பதிவாகும். பிற்பாடு இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான் கையில் எடுப்பார். எந்த வண்டி மோதியது என்பதை அங்கேயே சொல்லுங்கள்.

புகாரில் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்து மோதினார்” என்ற வழக்கமான வரியோடு நிறுத்திவிடுவது அடுத்த தவறு. எந்தச் சாலையிலிருந்து எங்கே போனீர்கள், எதிர்வண்டி சிவப்பு விளக்கை மீறி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுத வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிவப்பு விளக்கைத் தாண்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டுவதன் கீழ் பெயர் சொல்லியே வருகிறது. விபத்து நடந்த இடத்தைக் காட்டிப் போலீஸ் போடும் மாதிரி வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். மோதிய இடம் நிறுத்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பது வழக்கையே மாற்றும்.

எல்லாவற்றையும்விட சிசிடிவி விஷயத்தில்தான் மனம் கனக்கிறது. கட்டு பிரித்து வீட்டுக்கு வந்தபின் தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள் கேமரா பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். கருவி பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். குடும்பத்தில் ஒருவர் மறுநாளே பதிவை எடுத்துவைக்கும்படி காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைக்காரர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும்; இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். கேமராவில் சிக்னல் விளக்கு தெரியவில்லை என்று பதிவைத் தூக்கி எறியாதீர்கள். எந்தச் சாலையில் வண்டிகள் நின்றன, எதில் நகர்ந்தன என்பதிலிருந்தே நிறத்தை ஊகிக்கலாம். அப்புறம், இரவில் மஞ்சள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்த நேரமா என்று பாருங்கள். அப்படியானால் யாருக்குமே பச்சை இல்லை.

வழக்கு உங்கள் மேலேயே பதிவாகியிருந்தால், “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, வேலை முடிஞ்சிடும்” என்று சொல்பவர்கள் உண்டு. தவறு செய்யாதவர் அப்படிக் கட்டவே கூடாது. அந்த ஒப்புதல் தீர்ப்பாயத்தில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். மறுபக்கம், எதிர்வண்டி ஓட்டுநர் குற்றவியல் வழக்கில் விடுதலையானார் என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். தீர்ப்பாயம் பார்ப்பது எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதைத்தான். சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணத்தை அல்ல.

பச்சை விழுந்திருந்தாலும் சந்திப்பில் வேகத்தைக் குறைக்கும் கடமை இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் சாட்சியமே பலவீனமாகும். விபத்தில் உங்கள் தவறின் பங்கு 25 சதவீதம் என்று முடிவானால் 10 லட்சம் இழப்பீட்டில் இரண்டரை லட்சம் கழியும்.

பின் இருக்கையில் இருந்தவருக்கு இந்தக் கழிவு கிடையாது. இரு ஓட்டுநர்களும் தவறு செய்திருந்தால் முழுத் தொகையையும் இருவரில் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம் என்று கென்யெய் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஓட்டியவர் கணவர் என்பதற்காக அந்த வண்டியையும் அதன் இன்சூரன்ஸையும் மனுவில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த பாலிசி பின்னால் அமர்பவரையும் உள்ளடக்குகிறதா என்று பார்த்துவிட்டு மனுவில் சேர்த்துவிடுங்கள்.

விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3)ஆம் பிரிவு சொல்கிறது. எலும்பு கூடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் போட்டுவிடுங்கள். ஊன அளவுச் சான்றிதழைப் பிறகும் தாக்கல் செய்யலாம்.