தோள் இறுகிப்போனால் சீன ஊசி வைத்தியம் (அக்குபங்சர்): போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்

ரவிக்கைக் கொக்கியைப் பின்னால் கைவிட்டு மாட்ட முடியாமல் போன அன்றுதான் இது வெறும் சுளுக்கு இல்லை என்று எனக்குப் புரிந்தது. வயது 52, சர்க்கரையும் உண்டு. இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. சிங்கப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அம்மா பார்த்ததுமே "வூ ஷி ஜியன்" என்றார். ஐம்பது வயதுத் தோள் என்று அர்த்தம். தூங்கும்போது திறந்து கிடக்கும் தோளில் குளிர்காற்று புகுந்து தங்கிவிடுகிறது என்பது சீன வைத்தியத்தின் விளக்கம். எங்கள் அம்மா "வாயு பிடிச்சிருக்கு" என்பாரே, கிட்டத்தட்ட அதேதான்.

முதலில் ஆங்கில மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கையைத் தளர்த்திவிட்டு வேறொருவரைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் தூக்கினால் மேலே போகிறது, நீங்களாகத் தூக்க முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். யார் தூக்கினாலும் போகவில்லை என்றால் இறுகிய தோளாக இருக்க வாய்ப்பு அதிகம். இடது தோள் வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் ஊசியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்தது, பதிவு பெற்ற சின்சேயாக, அதாவது சீன வைத்தியராகப் பாருங்கள். இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊசி போடுபவர் பதிவு செய்திருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண் முன்னால் உறை பிரிக்க வேண்டும். சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, இதயக் கருவி, கர்ப்பம், எதையும் மறைக்காதீர்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், மயக்கம் வரும். முட்டி வரை சுருட்ட முடிகிற கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"தோள் முழுக்க வலி" என்று சொன்னால் சின்சேக்குப் போதாது. ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள். முன்பக்கம், வெளிப்பக்கம், பின்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நாடிப் பாதை, அதாவது உடலில் சக்தி ஓடுவதாகச் சீன வைத்தியம் சொல்லும் வழி. கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் தோள் நுனியில் இரண்டு குழி தெரியும். முன்குழி ஜியன்யூ, பின்குழி ஜியன்லியாவ். அக்குள் மடிப்புக்குப் பின்னால், சற்று மேலே, ஜியன்ஜென். இந்த மூன்று புள்ளிகளிலும் பெரும்பாலும் ஊசி உண்டு. அமுக்கினால் "ஆ" என்று கத்த வைக்கிற இடங்களுக்கு ஆஷி என்றே பெயர்.

ஊசி நுழைவது கொசுக்கடி மாதிரிதான். அப்புறம் சின்சே அதைத் திருகிக்கொண்டே "சுவான் வருகிறதா?" என்பார். சீனத்தில் சுவான் என்றால் புளிப்பு. நம் பேச்சில் சொன்னால் கடுகடுப்பு. கனமாக, மந்தமாகக் கடுத்தால் "வருகிறது" என்று சொல்லுங்கள். சுரீரென்று மின்சாரம் போல் ஓடினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி கால் விஷயம். முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி வெளிப்பக்கத்தில் தியாவ்கோவ் என்ற புள்ளி இருக்கிறது. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, அங்கே ஊசியைத் திருகியபடி "கையைத் தூக்கு, இன்னும் தூக்கு" என்றார் சின்சே. காதுக்குக் கீழேயே நின்றிருந்த முழங்கை காதைத் தாண்டியது. வலிக்கத்தான் செய்தது, ஆனாலும் போனது. ஊசி இருக்கும்போது கை அசைய வேண்டும். படுத்துத் தூங்கிவிட்டு வந்தால் பாதிப் பலன்தான் என்பது என் அனுபவம்.

தோள்மேட்டில் ஊசி போட்டால் ஆழம் போகக் கூடாது, கீழேயே நுரையீரல் நுனி இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூலிகையைப் பற்றவைத்துத் தோலுக்கு அருகே சூடு காட்டினால், சர்க்கரைக்காரர்கள் தோல் மரத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஒருமுறை கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் தினமும் சுவரில் விரல்களால் ஏறுங்கள். தொட்ட உயரத்தில் பென்சில் கோடு போடுங்கள். வலி முதலில் குறையும், அசைவு மெதுவாகத்தான் வரும். இந்த நோய் தானாக விடவே ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகலாம். எங்கள் சமையலறைச் சுவரில் முதல் கோடு என் கண் உயரத்தில் இருக்கிறது. பத்தாவது ஊசிக்குப் பிறகு போட்ட கோடு மேல் அலமாரிக் கைப்பிடிக்குப் பக்கத்தில். நடுவில் இரண்டு வாரம் கோடு நகரவே இல்லை. அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தேன்.